போட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை: தீவுகளில் வாழும் அமெச்சூர் புகைப்படக்காரருக்கு

புகைப்படம் எடுப்பதில் ஓரளவு தேர்ச்சி அடைந்து, தாம் எடுத்த படங்களை வீட்டாரும் நண்பர்களும் பாராட்டக் கேட்டு மகிழ்ந்த ஒருவருக்கு, அவற்றைத் தம்மை முன்பின் அறியாத, தம்மிடம் பட்சபாதம் காட்ட அவசியமே இல்லாத நிபுணர்களின் பார்வைக்கு வைத்து அபிப்பிராயம் அறிய வேண்டும் என்ற ஆவல் ஒரு கட்டத்தில் எழுவது இயற்கை. சென்னையிலோ பெங்களூரிலோ வசிப்பவருக்குச் சங்கக் கூட்டங்களும், கண்காட்சி மண்டபங்களும், படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு குறைநிறை பேசும் மூத்தோரின் சகவாசமும் அந்த ஆவலைத் தீர்த்து வைக்கின்றன. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் நமக்கு அவை அரிதாகவே வாய்ப்பதால், போட்டி என்பதே பல சமயங்களில் சங்கத்தின் ஸ்தானத்தையும் ஆசிரியரின் ஸ்தானத்தையும் வகிக்க வேண்டியதாகிறது. ஆகையால் எந்தப் போட்டிக்குப் படம் அனுப்புவது என்ற கேள்வியை மெயின்லாண்டில் உள்ளவர்களைவிட நாம் அதிகச் சிரத்தையுடன் ஆராய வேண்டும்.

பரிசுத் தொகையைக் கொண்டு போட்டியின் தரத்தை அளப்பது பலரிடமும் உள்ள வழக்கம். தொகை பெரிதாக இருப்பதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் பல்லாயிரக்கணக்கான படங்கள் வந்து குவியும் இடத்தில் அத்தொகை நம் கைக்கு வருவதற்கான சந்தர்ப்பம் மிக அற்பம் என்பதையும், பரிசு பெறாத மற்ற எல்லோருக்கும் அந்தப் போட்டி என்ன செய்கிறது என்பதிலேதான் அதன் யோக்கியதை வெளிப்படுகிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நடுவர்கள் யார் என்று பெயருடன் அறிவிக்கப்பட்டிருக்கிறதா, சென்ற ஆண்டுகளில் தேர்வான படங்கள் நூலாகவோ கண்காட்சியாகவோ எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றனவா, படத்தின் உரிமை எடுத்தவரிடமே நிற்கிறதா, எவ்வகைப் படங்களை ஏற்கமாட்டோம் என்று நிர்வாகிகள் துணிந்து சொல்லியிருக்கிறார்களா என்ற விஷயங்கள் யாவும் விதிமுறைப் பக்கத்தில் அடங்கியிருக்கின்றன. பரிசுப் பட்டியலைப் படிக்குமுன் விதிமுறையை ஆதியோடந்தமாகப் படிப்பவர் ஏமாறுவது அபூர்வம்.

அந்தப் பக்கத்தில் முதலில் தேட வேண்டியது உரிமை பற்றிய பகுதி. 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பிறருடைய கூலிக்காகவோ உத்தியோகக் கடமையாகவோ இல்லாமல் தாமாக எடுத்த படத்தின் முதல் உரிமையாளர் அவரே; 2012-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவருடைய ஆயுட்காலத்துக்கும், அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் நிலைக்கிறது. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாகவே நடக்க வேண்டும் என்றும், கால அளவும் எல்லையும் குறிக்கப்படாத இடத்தில் 5 ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்று கொள்ள வேண்டும் என்றும் சட்டம் நமக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. ஆனால் போட்டி நடத்துவோர் இதை நன்கு அறிந்தவர்கள். ஆகவே ‘நிரந்தரமாக’, ‘உலகெங்கும்’, ‘எவ்வகை உபயோகத்துக்கும்’, ‘பிறருக்கு மறு உரிமம் அளிக்கும் அதிகாரத்துடன்’ என்ற சொற்களை ஒரே வாக்கியத்தில் கோத்து வைத்துவிட்டு, அதன் கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தை நம்மைக் கொண்டே தொடச் செய்கிறார்கள்.

இந்த நிபந்தனை பரிசு பெற்ற படங்களுக்கு மட்டும் உரியதா, அனுப்பப்பட்ட அத்தனை படங்களுக்கும் உரியதா என்பதே தீர்மானமான கேள்வி. பரிசு பெற்ற படத்தைப் போட்டியின் விளம்பரத்திலும் நூலிலும், எடுத்தவர் பெயருடன், சில ஆண்டுகளுக்கு உபயோகித்துக்கொள்கிறோம் என்பது நியாயமான கோரிக்கை. நல்ல போட்டிகள் அனைத்தும் அந்த அளவோடு நிற்கின்றன. அனுப்பிய படங்கள் யாவும் எங்களைச் சார்ந்தவை என்று சொல்லும் போட்டியோ, சில ஆயிரம் ரூபாய்ப் பரிசைக் காட்டி, விளம்பரத்துக்கு வேண்டிய படங்களை விலையின்றித் திரட்டிக்கொள்ளும் உபாயமே ஆகும். கடற்கரை, பவளப்பாறை, படகு, அஸ்தமனம் என்று சுற்றுலா வியாபாரத்துக்கு வேண்டிய காட்சிகள் எல்லாம் மலிந்து கிடக்கும் நம் தீவுகளில் இவ்வகை அழைப்புகளுக்குக் குறைவில்லை. ராதாநகர் கடற்கரையில் விடுமுறை நாளெல்லாம் காத்து நின்று எடுத்த படம் எங்கோ ஒரு விளம்பரப் பலகையில் பெயரின்றித் தொங்குவதைக் காண நேர்ந்த நண்பர்களை நான் அறிவேன். அவர்கள் கையொப்பமிட்ட நிபந்தனை அதற்கு இடம் கொடுத்திருந்ததால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

படத்தைத் தானமாகக் கேட்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2010-ல் நெதர்லாந்தில் தொடங்கி, 2012 முதல் இந்தியாவிலும் நடைபெற்றிருக்கும் ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ போட்டியில், அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் எவரும் எடுத்தாளலாம் என்ற திறந்த உரிமத்தின் கீழ் நாம் வழங்குகிறோம். எடுத்தாள்பவர் நம் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதே அங்குள்ள முக்கிய நிபந்தனை. அது முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. படம் கலைக்களஞ்சியத்துக்குப் போய்ச் சேருகிறது. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டு, ஏழு சிறகுகளில் மூன்று மட்டும் எஞ்சி நிற்க, 1979-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட செல்லுலர் சிறையைப் பற்றி உலகின் எந்த மூலையில் எவர் படித்தாலும் நாம் எடுத்த படம் அவர் கண்ணில் படும் என்றால், அதற்காக உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது கௌரவமான காரியமே. எதைக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து நுழைவுக் கட்டணம். கட்டணம் வாங்குவதால் போட்டி தாழ்ந்தது என்றோ, வாங்காததால் உயர்ந்தது என்றோ முடிவு கட்டிவிட இயலாது. சோனி உலகப் புகைப்பட விருதுகளும், ஸ்மித்சோனியன் சஞ்சிகை நடத்தும் போட்டியும், 1969 முதல் நடந்துவரும் நிக்கான் போட்டியும், துபாயிலிருந்து நடத்தப்படும் ஹிபா போட்டியும் கட்டணமின்றிப் படங்களை ஏற்பவை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும், 1965-ல் தொடங்கிய ‘வைல்ட்லைப் போட்டோகிராபர் ஆப் தி இயர்’ போட்டியோ வயது வந்தவரிடம் சுமார் 30 பவுன் வாங்கிக்கொண்டு 25 படங்கள் வரை அனுப்ப இடம் தருகிறது. நம் நாணயத்தில் இது சில ஆயிரம் ரூபாய். இயற்கைப் படம் எடுப்பவருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை என்பதால், தகுதியான படம் கைவசம் உள்ள ஆண்டில் இந்தச் செலவைச் செய்யலாம். இல்லாத ஆண்டில் அந்தப் பணத்தில் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டிப் பார்ப்பது அதிகப் பிரயோஜனம் தரும். நம் நாட்டிலேயே, மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் சார்பில் வழங்கப்படும் தேசியப் புகைப்பட விருதுகளில் தொழில்முறைக் கலைஞருக்கு ஒரு பிரிவும் அமெச்சூருக்கு ஒரு பிரிவும் தனித்தனியே உண்டு. 2023 மார்ச்சில் வழங்கப்பட்ட எட்டாவது விருதுகளில் அமெச்சூர் பிரிவின் பொருள் ‘இந்தியாவின் கலாசாரப் பாரம்பரியம்’. பங்குனி உத்திரத்தன்று போர்ட் பிளேர் வீதிகளில் காவடி செல்வதையும், அதை வங்காளியரும் தெலுங்கரும் ராஞ்சி மக்களும் நின்று தரிசிப்பதையும் ஆண்டுதோறும் காணும் நமக்கு அப்பொருளில் படம் கிடைக்காமல் போகாது. அறிவிப்பு வரும்போது தவறவிடக் கூடாத போட்டி இது.

சலோன் என்று வழங்கும் கண்காட்சிப் போட்டிகளைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் புகைப்படச் சங்கங்களின் வரலாறு பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1850களிலேயே தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் 1950-ல் சர்வதேசச் சம்மேளனமாகிய பியாப்பும், 1953-ல் இந்தியப் புகைப்படச் சம்மேளனமும் தோன்றிய பின், சங்கங்கள் நடத்தும் சலோன்களில் ஒரு படம் ஏற்கப்பட்டது என்பதே ஒரு தகுதியாக எண்ணப்பட்டு, பல நாடுகளில் பெற்ற ஏற்புகளைக் கூட்டிக் கணக்கிட்டு ஏ.எப்.ஐ.ஏ.பி., ஈ.எப்.ஐ.ஏ.பி. முதலிய பட்டங்கள் வழங்கும் முறை நிலைபெற்றது. 1932-ல் தஞ்சாவூரில் பிறந்து, பெங்களூரில் குடியேறி, ஓ. சி. எட்வர்ட்ஸிடம் பயின்று, இந்திய வனவிலங்குப் படக் கலையின் முன்னோடிகளில் ஒருவராக விளங்கி 2017-ல் மறைந்த டி. என். ஏ. பெருமாளின் தலைமுறை இந்தச் சலோன் மரபில் வளர்ந்ததே. ஒரே படத்தைப் பல நாட்டு நடுவர்கள் பார்த்துத் தள்ளியும் கொண்டும் தீர்ப்புச் சொல்ல, அதனால் தம் குறைகளை அறிந்து திருத்திக்கொள்ளும் நல்ல பழக்கம் அவர்களுக்கு ஏற்பட்டது. இன்றோ ஒரே சமயத்தில் நாலைந்து நாடுகளின் பெயரால் கூட்டாக நடத்தப்படும் சலோன்களும், நூற்றுக்கணக்கில் ரிப்பனும் பதக்கமும் பங்கிடப்படும் சலோன்களும் பெருகிவிட்டபடியால், பட்டம் சேர்க்கும் ஆசையில் கட்டணம் கட்டிக்கொண்டே போகிற நண்பர்களைக் காண்கிறேன். அச்சிட்ட கேட்டலாக் வெளியிடுவதும், நடுவர்களின் மதிப்பெண்ணை அனுப்பியவருக்குத் தெரிவிப்பதும், பல்லாண்டுப் பெயர் உடையதுமான ஒரு சங்கத்தின் சலோனை ஆண்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இனி, எந்தப் படத்தை எங்கே அனுப்புவது என்ற விஷயம். 2023-ல் லண்டன் போட்டியில் முதுகெலும்பற்ற உயிர்களின் நடத்தைப் பிரிவில் முதற்பரிசு பெற்ற ஸ்ரீராம் முரளி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், தம் சொந்த ஊருக்கு அருகே உள்ள காட்டில், மின்மினிகளின் ஒளியைப் பல பதிவுகளாக எடுத்து ஒன்றுசேர்த்தவர். 2021-ல் பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் வென்ற பெங்களூர்ச் சிறுவன் வித்யுன் ஹெப்பார், சுவர் ஒன்றின் இடுக்கில் கூடாரம் போல் வலை பின்னியிருந்த சிலந்தியை, பின்னால் கடந்து சென்ற ஆட்டோவின் வண்ணமே பின்புலமாக அமையும்படி எடுத்தான். இவ்விரு வெற்றிகளிலும் தூரப் பிரயாணத்துக்கோ விலையுயர்ந்த ஏற்பாட்டுக்கோ முதலிடம் இல்லை. மீண்டும் மீண்டும் போய் நின்று பார்க்கக்கூடிய இடம் அருகில் இருந்ததே அவர்களுடைய மூலதனம். தீவுவாசிக்கு அந்த மூலதனம் அளவின்றிக் கிடைத்திருக்கிறது. ராதாநகரின் அஸ்தமனத்தை ஒரு நாள் வந்து போகும் உல்லாசப் பிரயாணியும் நம் அளவுக்கே எடுத்துவிடுவார். நடுவர்களும் அதுபோன்ற படங்களைக் கணக்கற்றுப் பார்த்துச் சலித்தவர்கள். 2004 டிசம்பர் 26-ல் நிகழ்ந்த பூகம்பத்தில் தென் அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, கடல்நீர் புகுந்து, வயலாக இருந்தது சதுப்பாக மாறிய சிப்பிகாட்டில், அங்கே இப்போது வந்து இறங்கும் நீர்ப்பறவைகளை ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் எடுத்து வைப்பது அந்தப் பிரயாணிக்கு இயலாத காரியம். போர்ட் பிளேர் என்ற பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய நம் தலைநகரத்திலிருந்து சைக்கிளிலேயே அங்கே போய்விடலாம்.

சதுப்புநிலக் காடுகளைப் பற்றியும் இதே நோக்கில் யோசிக்க வேண்டும். இத்தீவுகளில் அலையாத்திக் காடு சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ளது. அந்தக் காடுகளுக்கென்றே ‘மாங்ரோவ் ஆக்ஷன் புராஜெக்ட்’ என்ற ஸ்தாபனம் 2015 முதல் கட்டணமின்றி ஒரு சர்வதேசப் போட்டி நடத்திவருகிறது. அதில் 2021, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒட்டுமொத்த முதற்பரிசு பெற்றவை சுந்தரவனத்தில் எடுக்கப்பட்ட படங்கள்: தேன் எடுப்பவர், பெண்புலி, கடல் கொண்டுபோகும் கரையில் வாழும் மக்கள் என்று அவற்றின் பொருள்கள் வெவ்வேறு. வங்கக் கடலின் ஒரு கரை நடுவர்களுக்கு இவ்வளவு பரிச்சயமாகிவிட்ட பின், மறுபக்கத்துக் காடுகளும் அவற்றிடையே டிங்கியில் போய் நண்டு பிடிப்பவரின் வாழ்வும் எத்தகையவை என்று காட்டுவதற்கு நம்மைவிட உரியவர் யார்? என் மனத்தில், தீவு அமெச்சூர் ஒருவர் முதன்முதலாக அனுப்பத் தக்க சர்வதேசப் போட்டி இதுவே.

எடுக்கலாகாத படம் எது என்பதையும் இந்த அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அந்தப் படத்துக்கும் ஆசை காட்டும் போட்டிகள் உண்டு. 1956-ம் ஆண்டுப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழும், 2012-ல் அது கடுமையாக்கப்பட்ட பிறகும், ஜாரவா முதலிய பழங்குடியினரின் காப்பு நிலத்துள் புகுவதும் அவர்களைப் படமெடுப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மாலையில் கிளிகள் கூட்டங்கூட்டமாய் வந்து அடையும் காட்சிக்காகப் பாராடாங்கை நாடி ஜிர்காடாங்கிலிருந்து அந்தக் காப்பு நிலத்தின் ஊடாக வாகன அணியில் செல்பவர், அந்தச் சாலையில் கேமராவைப் பையை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. சட்டம் மட்டும் இதற்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். 1890களில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அந்தமானியரைக் கட்டம் வரைந்த திரைக்கு முன் நிறுத்தி, உடலை அளப்பதற்கென்றே எடுத்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய படங்களைப் பார்க்கும் எவருக்கும், மறுக்கும் சக்தியற்றவர் மீது கேமரா எவ்வளவு பெரிய அதிகாரம் செலுத்துகிறது என்பது விளங்கும். அத்தகைய படத்தைப் பரிசீலிக்கும் போட்டி, பரிசு எவ்வளவு பெரிதாயினும், நம் மதிப்புக்கு உரியதன்று. நிக்கோபாருக்குச் செல்ல மற்ற இந்தியருக்கு அனுமதிச் சீட்டு அவசியம் என்பதையும், கடற்படை, விமானப்படை நிலையங்களின் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்பதையும், டிரோன் பறக்கவிடுமுன் உரிய அனுமதி பெற வேண்டும் என்பதையும் பெரும்பாலும் எல்லோரும் அறிவர். காலிப்பூர்க் கரையில் முட்டையிட ஏறும் ஆமையின் முகத்தில் பிளாஷ் அடிக்கலாகாது என்பதை மட்டும் அறிந்தும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இது சம்பந்தமாகப் போட்டிகளின் மனப்போக்கும் காலத்தோடு மாறியிருக்கிறது. பழைய தலைமுறையினரின் பறவைப் படங்களில் பெரும்பகுதி கூட்டருகே மறைவிடம் அமைத்து எடுக்கப்பட்டவை. இன்று நம் நாட்டின் நல்ல இயற்கைப் படப் போட்டிகள் பலவும் கூட்டிலிருக்கும் பறவையின் படத்தை ஏற்பதில்லை. லண்டன் போட்டியில் 2009-ல் முதற்பரிசு பெற்ற, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம், அது மனிதரிடம் பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்கக்கூடும் என்று நடுவர்கள் கருதியதால் 2010 ஜனவரியில் தள்ளப்பட்டது. 2017-ல் பரிசு பெற்ற எறும்புதின்னியின் படம், பதப்படுத்திய உடலை வைத்து எடுக்கப்பட்டது என்ற முடிவின் பேரில் 2018 ஏப்ரலில் நீக்கப்பட்டது. கொடுத்த பரிசைத் திரும்பப் பெறும் துணிவு ஒரு போட்டிக்கு இருப்பது அதன் பெருமை. மனிதர்களைப் படமெடுக்கும் பிரிவுகளில் இத்தகைய கண்டிப்பு இன்னும் போதாது. 2019-ல் 1,20,000 டாலர் ஹிபா பரிசு பெற்ற தாயும் குழந்தைகளும் உள்ள படம் எடுக்கப்பட்டபோது, அதே தாயைச் சூழ்ந்து பல புகைப்படக்காரர் நிற்கும் காட்சி வெளியாகி உலகெங்கும் விவாதம் கிளம்பியது. கணினியே புனைந்த படம் 2023-ல் சோனி விருது வரை சென்று, அனுப்பிய போரிஸ் எல்டாக்சன் தாமே விருதை மறுத்த பிறகு, இறுதிச் சுற்றுக்கு வரும் படத்தின் மூல ரா கோப்பைக் கேட்பது மேலும் அவசியமாகிவிட்டது. ஆகையால் மெமரி கார்டை அழிக்குமுன் ரா கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் சேமித்து வைப்பதும், இடம், தேதி, சூழ்நிலை ஆகியவற்றை அன்றிரவே எழுதிவைப்பதும் இன்றியமையாதவை. நம் தீவின் ஈரக்காற்றில் ஒரு டிஸ்க் கெட்டுப்போவது சாதாரணம்.

அனுப்பும் முறையில் முன்பிருந்த கஷ்டம் இப்போது இல்லை. 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் திறந்து வைக்கப்படும்வரை, செயற்கைக்கோள் இணைப்பில் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றுவதே பெரும் பிரயாசையாக இருந்தது. இன்று எஞ்சியிருப்பது கடைசித் தேதியைப் பற்றிய குழப்பமே. கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 5.30; சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் அதிகமாக முந்தி விடியும் நம் தீவுகளில் அப்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டிருக்கும். இருந்தும் மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்பிக் கடைசி மணி நேரம்வரை காத்திருப்பது விவேகமாகாது. இரண்டு நாட்களுக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

முதல் ஆண்டுக்கு நான் சொல்லும் யோசனை சுருக்கமானது. அக்டோபர் 2 முதல் 8 வரை நாடெங்கும் வனத்துறைகள் கொண்டாடும் வனவிலங்கு வாரத்தையொட்டி உள்ளூரில் போட்டி அறிவிக்கப்பட்டால் அதற்கு ஒன்று, அலையாத்திக் காட்டுப் போட்டிக்கு ஒன்று, தேசிய விருதுகளின் அமெச்சூர் பிரிவு அறிவிக்கப்பட்டால் அதற்கு ஒன்று, பெயர்பெற்ற சங்கத்தின் சலோன் ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றின் முடிவும் வந்தபின் தேர்வான படங்களையெல்லாம் நம் படத்தின் அருகே வைத்துப் பாருங்கள். வீட்டில் கேமராவில் நாட்டமுள்ள பிள்ளைகள் இருந்தால், லண்டன் போட்டியில் 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். வழக்கமாக அதன் கடைசித் தேதி டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி வருகிறது.